சூரியநெல்லியில் குரோஷிய சூசை

சனிக்கிழமை காலை 5.40. பாலக்காடு கல்பாத்தியில் எங்கள் தெருமுனைக்குத் துரைசாமியின் வாடகைக் கார் வந்து நின்றது. முன்சீட்டில் ஆறடி மூன்றங்குலக் குரோஷியாக்காரர் ஒருவர், வலது முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் டாஷ்போர்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என் கணவர் வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டு, "பந்து விளையாடறதைப் பாக்கறதுக்காக்கும் இத்தனை தூரம் போறாய்? நன்னாருக்கு" என்றார். பந்தைப் பார்க்க இல்லை, அந்த முழங்காலைப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

பொய்யில்லை. நான் பிசியோதெரபிஸ்ட். கால்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று கேட்டால் ஒரு நொடி யோசித்துத்தான் சொல்வேன். மூன்று வாரமாக என்னிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தவர் யோசிப். முப்பத்தாறு வயது. தொழில்: முன்கள ஆட்டக்காரர். அதாவது கோல் போடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். கேரளத்தில் ஒரு கிளப்போடு இருந்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அடுத்த வியாழக்கிழமை கொச்சியிலிருந்து விமானம். ஊரில் மைத்துனரின் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை காத்திருக்கிறது. அதோடு கால்பந்துக்கு முழுக்கு.

போவதற்கு முன் ஒரே ஓர் ஆசை. கிளப்பில் கூட ஆடிய சேவியர் என்ற தமிழர், சூரியநெல்லி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. அங்கே மாதா கோவில் திருநாளுக்கு முதல் நாள் எஸ்டேட்டின் மேல் டிவிஷனும் கீழ் டிவிஷனும் செவன்ஸ் ஆடும், அணிக்கு ஏழு பேர். அதில் ஆட வரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். யோசிப் கோல் போட்டுப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. "ஒரு கோல், டாக்டர். நிஜமான ஒன்று. அதற்கப்புறம் எஞ்சின்தான்" என்று என் சிகிச்சை மேஜையில் காலை நீட்டிப் படுத்தபடி சொன்னார். நான் டாக்டர் இல்லை என்று அவரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். நாற்பது நிமிடம் ஆடலாம், பக்கத்தில் நான் இருந்தால், என்று நிபந்தனை போட்டேன். உண்மையில் எனக்கும் மலைக்குப் போக ஆசையாக இருந்தது.

காலை 6.50, பொள்ளாச்சி. 46 கிலோமீட்டர். டீ பதினைந்து ரூபாய். துரைசாமி கொழிஞ்சாம்பாறைக்காரர், சந்தேகத்தை மனசில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட அவரால் ஆகாது. "ஏனுங்க டாக்டரம்மா, இவரு பெரிய பிளேயருங்களா? டிவில எல்லாம் பாத்த மாதிரியே இல்லீங்களே" என்றார். நான் இதை நாசூக்காக ஆங்கிலத்தில் மாற்றிக் கேட்டேன். யோசிப் சிரித்தார். ஒரு தடவை டிவியில் வந்திருக்கிறாராம். மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றபோது. அவர் அம்மா அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். துரைசாமிக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

உடுமலையில் 7.45க்கு இட்லி. மூன்று பேருக்கு 240 ரூபாய், அதில் யோசிப் சாப்பிட்டது மட்டும் பாதிக்கு மேல். அங்கிருந்து சின்னார் வரைக்கும் 28 கிலோமீட்டர். வெயில் ஏற ஏற அவர் தன் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். பத்தொன்பது வயதில் சொந்த நாட்டின் முதல் டிவிஷனில் பதினொரு ஆட்டம், ஒரு கோல். அடுத்த ஆண்டு புதுப் பயிற்சியாளர் வந்தார், பெஞ்ச் வந்தது. பிறகு ஸ்லோவேனியா, போஸ்னியா. சைப்ரஸில் வெயில் நன்றாக இருந்தது, சம்பளம் நேரத்துக்கு வரவில்லை. மால்டாவில் ஒரே பருவத்தில் பதினாறு கோல். அதுதான் உச்சம். அங்கே ஒரு பேக்கரிக்காரர் தினமும் காசு வாங்காமல் ரொட்டி கொடுத்தாராம். கோல் நின்றதும் காசு கேட்டாராம். அப்புறம் வியட்நாம், அப்புறம் நம்ம பக்கம். அவர் இதையெல்லாம் புலம்பலாகச் சொல்லவில்லை. பஸ் ரூட் சொல்வது போலச் சொன்னார்.

காலை 9.10, சின்னார் செக்போஸ்ட். தமிழ்நாடு முடிந்து மறுபடி கேரளம். வனக்காவலர் வண்டி எண்ணை எழுதினார், தண்ணீர் பாட்டில்களை எண்ணினார், யோசிப்பைப் பார்த்தார். எந்த நாடு என்று கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏதா பொசிஷன்?" என்றார். மலையாளி, கால்பந்துக்காரனிடம் பாஸ்போர்ட்டை அப்புறம்தான் கேட்பான். முன்களம் என்று தெரிந்ததும் எத்தனை கோல் என்றார். அந்தக் கேள்விக்கு யோசிப் வெளியே காட்டைப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்த பிறகே எங்களுக்கு வழி கிடைத்தது.

மறையூரில் கரும்புப் பாகு காய்ச்சும் வாசனைக்கு வண்டி தானாகவே நின்றது. வெல்லம் கிலோ 110 ரூபாய். காந்தலூர்ப் பூண்டு வேண்டுமா என்று கேட்ட கடைக்காரரிடம் துரைசாமி பேரம் பேசி இரண்டு கிலோ வாங்கி டிக்கியில் போட்டார். வீடு திரும்பும்வரை எங்கள் துணிமணிக்கெல்லாம் அந்த மணம்தான். மூணாறு 40 கிலோமீட்டர், அதில் கடைசி நான்கு கிலோமீட்டருக்கு நெரிசலில் ஐம்பது நிமிடம் பிடித்தது. மூணாறு தாண்டி, கேப் ரோட்டு மலைப்பாதையில் மஞ்சு இறங்கி, முன்னால் போகும் லாரியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. துரைசாமி சாமி பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். யோசிப் சிலுவை போட்டுக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மதியம் 1.15. சூரியநெல்லி. எஸ்டேட் கேட்டில் ஒரு பிளெக்ஸ் பேனர்: 'குரோஷிய சூசை அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்'. யோசிப் என்றால் யோசேப்பு, யோசேப்பு எல்லாம் இங்கே சூசைதானே. கீழே படத்தில் யார் என்று யோசிப்புக்கே தெரியவில்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில், வீட்டு வாசலில் சேவியர் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். "வாங்க டாக்டரம்மா, வழில ரொம்ப அலைக்கழிச்சிருச்சோ? கை கழுவுங்க, சாப்பாடு ஆறுது" என்றார். நான் சைவம் என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தார்கள். எனக்குத் தனியாகப் பட்டர் பீன்ஸ் குழம்பு. அந்தக் குழம்புக்காக மட்டுமே இன்னொரு தடவை 190 கிலோமீட்டர் போகலாம்.

மைதானம் என்று சேவியர் காட்டிய இடம் ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. இறங்கிய பக்கம் வேலி இல்லை, நேராகத் தேயிலைச் சரிவு. "இங்கன ஒரு சட்டம் உண்டு சூசை. செடிக்குள்ள பந்தை அடிச்சவன்தான் போயி எடுத்துட்டு வரணும். மணி நிக்காது" என்றார். யோசிப் தலையாட்டிக்கொண்டார். நான் அவர் முழங்காலுக்குப் பட்டை போட்டேன். கை வைத்த உடனே தெரிந்தது, வீக்கம் முந்தைய நாளைவிட அதிகம். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். எங்கள் தொழிலில் இப்படிச் சொல்வது வணக்கம் சொல்வதைப் போன்றது.

மாலை 3.30. மேல் டிவிஷனுக்கு யோசிப்பும் சேவியரும். எதிரே கீழ் டிவிஷன் கோலில் ஞானராஜ். எஸ்டேட் ஃபாக்டரியில் தூள் உலர்த்தும் பிரிவில் வேலை, ஞாயிற்றுக்கிழமை கோவிலில் உபதேசியார். நாற்பத்தைந்து வயதுக்குப் பூனை மாதிரி பாய்வார் என்று பக்கத்தில் நின்ற பெண்கள் சொன்னார்கள். அவர் மனைவியும் அதில் ஒருவர், அதனால் கொஞ்சம் கழித்துக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். யோசிப்பிடம் பந்து வந்தது. தடுக்க வேண்டிய இருவர், கோவில் வாசலில் பெரியவருக்கு வழிவிடுகிற மாதிரி இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். யோசிப் காலைத் தூக்குவதற்கு முன்பே ஞானராஜ் வலப்பக்கம் பாய்ந்து படுத்துவிட்டார். கோல் காலி. கொட்டுக்காரர்கள் குச்சியை ஓங்கிவிட்டார்கள்.

யோசிப் கோல் கோட்டில் பந்தை மிதித்து நிறுத்தினார். படுத்திருந்த ஞானராஜைப் பார்த்தார், சேவியரைப் பார்த்தார். பிறகு திரும்பி, பந்தை முழுப் பலத்தோடு தேயிலைச் சரிவுக்குள் அடித்தார்.

பக்கத்துப் பெண்கள் சொல்லித்தான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்த மைதானத்தில் விருந்தாளியாக வருகிற எவரும் கோல் போடாமல் போனதில்லை. பங்குத் தந்தை போட்டிருக்கிறார், எஸ்டேட் மேனேஜர் போட்டிருக்கிறார், பஞ்சாயத்து மெம்பர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு போட்டிருக்கிறார். விருந்தாளி அடிக்கும் தொடக்க உதையின்போது கோல்கீப்பர் எதிர்ப்பக்கம் பாய்வதுதான் மரியாதை. சூசைக்கு ஒரு கோல் வேண்டுமாமே என்று சேவியர் சொல்லப்போக, காலை மஸ்டரில் வேலை பிரிக்கும்போதே இரண்டு டிவிஷனும் கூடிப் பேசி இதை முடிவு செய்திருந்தது. பிழைப்பே கோல் அடிப்பதாக இருந்த மனிதரை, மெம்பரைப் போல உபசரித்துவிட்டார்கள்.

சட்டப்படி யோசிப்தான் பந்தெடுக்கப் போனார். எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. மணி ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சட்டையெல்லாம் ஈரமாக, காலில் மூன்று அட்டையோடு ஏறி வந்தார். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு, ஞானராஜிடம் சொல்லச் சொன்னார்: "பதினேழு வருஷமாகக் கோல்கீப்பர்களின் கண்ணைப் பார்க்கிறேன். பாயும்போது பந்தைப் பார்ப்பார்கள். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எனக்கு இதுதான் கடைசி ஆட்டம்."

சொன்னேன். ஞானராஜின் முகம் சுருங்கியது. "ஐயோ, மரியாதைன்னுல்லா செஞ்சோம்!" என்றார். கையுறையை இழுத்து மாட்டினார். "சரி, சொல்லிருங்க டாக்டரம்மா. இனிமே ஒரு பந்து உள்ள போவாது."

ரொம்ப நேரம் போகவுமில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆட்டம். வழிவிட்ட அதே இருவர் யோசிப்பை இரண்டு தடவை மண்ணில் உருட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார், நான்தான் பக்கத்தில் இருந்த பெண்ணின் கையைப் பிடித்துக் கசக்கினேன். இடைவேளைக்குப் பிறகு யோசிப் அடித்த இரண்டு பந்துகளை ஞானராஜ் தடுத்தார். இரண்டாவதை விரல் நுனியால் தட்டிவிட்டார். பூனை என்று சொன்னது மெய்தான். கோல் இல்லாமலே நேரம் கரைந்தது. நான் போட்ட நாற்பது நிமிட நிபந்தனையை நானே மறந்துவிட்டேன்.

முடிய இரண்டு நிமிடம் இருந்தபோது சேவியர் ஓரத்திலிருந்து உயரமாக ஒரு பந்து கொடுத்தார். ஞானராஜ் எம்பிப் பிடித்தார். யோசிப்பும் எம்பினார். இருவரும் மோதி விழுந்தார்கள், பந்து நழுவியது, விழுந்து கிடந்தபடியே யோசிப் அந்த வீங்கிய காலை நீட்டினார். முழங்காலுக்குக் கீழே எங்கோ பட்டுப் பந்து உருண்டது. தாயம் உருள்வது மாதிரி மெதுவாக உருண்டு கோட்டைத் தாண்டியது.

"ஃபவுலு! ஃபவுலு!" ஞானராஜ் துள்ளி எழுந்தார். "இடிச்சான்லே! தோள வச்சு இடிச்சான்! கண்ணு அவிஞ்சா போச்சு உங்களுக்கு?" கீழ் டிவிஷன் மொத்தமும் நடுவரைச் சூழ்ந்துகொண்டது. விருந்தாளியைத் திட்டுகிறார்களே என்று சேவியர் தலையில் கை வைத்துக்கொண்டார். தரையில் கிடந்த யோசிப் என்னைப் பார்த்து, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். நீங்கள் ஏமாற்றுக்காரர் என்கிறார் என்றேன். "வேறு?" உங்கள் முகத்தில் விழித்திருக்கவே கூடாதாம். "வேறு?" மீதியை என்னால் மொழிபெயர்க்க முடியாது என்றேன். அவர் மல்லாந்து படுத்து, கையிரண்டையும் விரித்து, வானத்தைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமான மனிதரை நான் என் மேஜையில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

நடுவர் கோல் என்றார். ஞானராஜ் என்னிடமே வந்துவிட்டார். "நீங்க படிச்சவங்க, பக்கத்துல நின்னீங்க. சொல்லுங்க, இடிச்சாரா இல்லையா?" சத்தியமாக எனக்குத் தெரியாது. நான் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை 6.30. புறப்பட்டோம். அதற்கு முன் பட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, மூன்று வாரமாகச் சொல்லாததைச் சொன்னேன்: இந்த முழங்கால் இனி விளையாடாது. "தெரியும், டாக்டர். நீங்கள் எப்போது சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். வெட்கமாக இருந்தது. எங்கள் ஊரில் சுருதி சேராமல் பாடுகிறவருக்கும் 'பேஷ்' போட்டுத்தான் அனுப்புவோம். அந்தப் பழக்கம் எனக்குள் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று அந்த மலையில்தான் உறைத்தது.

கேட் அருகே ஞானராஜ் நின்றிருந்தார். பூசைக்குப் போகிற வெள்ளை வேட்டி சட்டை, கையில் துணிப்பை. துரைசாமி கண்ணாடியை இறக்கினார். பையில் அரைக்கிலோ ஏலக்காய். "உங்க அம்மைக்குக் குடுங்க" என்று யோசிப்பிடம் நீட்டினார். நான் மொழிபெயர்த்தேன். யோசிப் வாங்கி, முகர்ந்து பார்த்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஞானராஜும் விடவில்லை. இருவர் கண்ணும் கலங்கியது. துரைசாமி மெல்லக் கியர் மாற்றினார்.

அப்போது ஞானராஜ் ஜன்னலுக்குள் குனிந்தார்.

"ஆனா சார், அது ஃபவுலு."

இதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.