குளோரோபாரத்துக்கு முன் ஒரு வாய் களி

மயக்க மருந்து கொடுக்கும் முன் நோயாளியிடம் "சாப்பிட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நகர்ந்துபோகும் இளம் நர்ஸுகளைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அவர்களுக்காகத்தான் பாவாயியைப் பற்றி எழுதுகிறேன்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறை நர்ஸாக இருந்தேன். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பண்ணையக் குடும்பத்திலிருந்து பாவாயி வந்தாள். இடது மார்பில் கட்டி. ஆண் டாக்டரிடம் காட்டக் கூசி மறைத்தே வைத்திருந்தாள். லேடி டாக்டர் இருக்கிறார் என்று கேள்விப்பட்ட பிறகுதான் புருஷனிடமே வாய் திறந்திருக்கிறாள்.

டாக்டரம்மா சோதித்துவிட்டு, "புற்றுதான். ஆனா பரவின மாதிரி தெரியல. முழுசா எடுத்துட்டா பொழைச்சுக்குவா" என்றார். அவர் லேசில் அப்படிச் சொல்கிறவர் அல்ல.

அப்போதெல்லாம் எங்களிடம் மயக்கத்துக்குக் குளோரோபாரம்தான். கம்பிச் சட்டத்தில் துணியை விரித்து மூக்கின் மேல் வைத்து, சொட்டுச் சொட்டாக விடுவோம். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் வாந்தி வரும். அது மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால் வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வோம். நோயாளியிடம் மட்டும் சொல்வோம். ஏன் என்று விளக்கும் வழக்கம் இல்லை.

காலையில் மேஜையில் படுக்கவைத்துக் கேட்டேன்.

"ஏதாச்சும் சாப்பிட்டீங்களா, அம்மணி?"

"இல்லீங்க, நர்சம்மா."

மார்பையும், வழக்கப்படி அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டுத் தையல் போடும்போது வாந்தி வந்தது. தலையைச் சாய்த்து, துடைத்துத் துடைத்து எடுத்தோம். பஞ்சில் வந்ததெல்லாம் ராகிக் களி. பதமாகக் கிண்டத் தெரியாத யாரோ கிண்டிய, கட்டி கட்டியான களி. டாக்டரம்மா தையலை முடித்தார்.

மறுநாள் பாவாயி தெளிவாகப் பேசும் நிலைக்கு வந்ததும், அந்தக் களி ஏது என்று கேட்டேன்.

"வெறும் வயித்தோட கத்திக்குப் போகக்கூடாதுன்னு எங்கூட்டுக்காரருதாங்க ஆஸ்பத்திரிக்குப் பொறத்தால அடுப்புக் கூட்டிக் களி கிண்டியாந்தாரு. கட்டிக்கிட்டு வந்ததிலிருந்து அவரு கையால எனக்குச் சோறு ஆக்கிப் போட்டதே இல்லீங்க. வேண்டாம்னு எப்பிடிங்க சொல்றது? அது வாந்தியா வந்ததை அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க, சாமி."

திட்டத்தான் போனேன். திட்ட முடியவில்லை.

தையல் போட்ட இடம் சீழ் பிடிக்காமல் அருமையாக ஆறிக்கொண்டு வந்தது. ஆனால் களி நுரையீரல் வரை இறங்கியிருந்தது. காய்ச்சல் ஏறியது, மூச்சு வாங்கியது. சாய்த்து உட்காரவைத்து, முதுகில் பற்றுப் போட்டு, நாடி தளராமல் இருக்கக் கற்பூர ஊசி போட்டுப் பார்த்தோம். பென்சிலின் எல்லாம் அப்போது ஏது? நிமோனியாவில் பாவாயி போய்விட்டாள். புற்றை எடுத்துப்போட்ட பிறகும் அவளைக் காப்பாற்ற முடியாதது எனக்குப் பொறுக்கவில்லை. ஆபரேஷன் அறைக்குள் போய் அழுதேன்.

உடலை எடுத்துப்போக மாட்டு வண்டி வந்து நின்றது. அவள் புருஷன் செங்கோடக் கவுண்டர் என்னைத் தேடி வந்து கைகூப்பினார்.

"நீங்க நல்லாத்தான் பாத்தீங்க, நர்சம்மா. நாந்தான் அவளுக்கு ஒண்ணும் செஞ்சதில்லீங்க. கடைசியா ஒரு வேளையாச்சும் என் கையால ஆக்கிப் போட்டனுங்க. அதை நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கோணும்."

டாக்டரம்மா பக்கத்தில்தான் நின்றார். என்ன சொல்லப்போகிறேன் என்று என்னையே பார்த்தார்.

"ஆசையாச் சாப்பிட்டதாச் சொன்னாங்க" என்றேன்.

கவுண்டர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அன்றிலிருந்து ஒவ்வோர் ஆபரேஷனுக்கும் முன்னால் கூட வந்தவர்களை உட்காரவைத்து, ஏன் பட்டினி போடுகிறோம் என்று விளக்கினேன். "பச்சத் தண்ணி கூடக் குடுக்காம அனுப்பச் சொல்றீங்களே, நீங்கெல்லாம் மனுசிங்களா?" என்று கேட்டவர்களும் உண்டு. கேட்டுவிட்டுப் போகட்டும். நோயாளிக்குச் சோறு போடப்போகிறவர் யார் என்று விசாரித்து, அவரிடம் காரணத்தைச் சொல்லுங்கள். அதட்டாமல் சொல்லுங்கள். அவர் மடியில் கட்டி வைத்திருப்பது ஆசையாக ஆக்கிய சோறு.