வெயில் அடித்த மூன்று நாட்கள்

கதையில் மழை பெய்தால் யாரோ அழப்போகிறார்கள் என்று அர்த்தம். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பன்னிரண்டு வருடமாக இதைத்தான் நடத்திச் சம்பளம் வாங்குகிறேன். நானும் கதை எழுதுவேன். என் கதைகளில் புருஷன் கோபித்துக்கொண்டு போனால் கூடவே மேகம் கறுக்கும்.

பிறந்தது கடலூர் தேவனாம்பட்டினம். தம்பி அங்கே பைபர் போட்டில் கடலுக்குப் போகிறவன். எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் வானிலை அறிக்கை வந்துகொண்டே இருக்கும். ஆளாளுக்கு அனுப்புவார்கள், படிப்பது நான் மட்டும். கரையில் மைக் வைத்து என்ன சொன்னாலும் தம்பிக்கு நான் சொன்னால்தான் சொன்னது.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் கூப்பிட்டான். "அக்கா, போவாதன்னு மைக்குல கத்திக்கினு கெடக்குறாங்க. நீ பாத்துச் சொல்லு, போலாமா?"

நான் அப்போது கதை எழுதிக்கொண்டிருந்தேன். கதாநாயகியின் மனசுக்குத் தோதாக ஒரு புயலைக் கிளப்பிக்கொண்டிருந்த நேரம். எழுதுகிறபோது யார் கூப்பிட்டாலும் எனக்கு எரிச்சல் வரும். குழுவைத் திறந்தேன், கண்ணில் பட்ட அறிக்கையைப் படித்தேன். மீனவர்களுக்கு எச்சரிக்கை எதுவும் இல்லை என்றிருந்தது. "ஒண்ணும் இல்லடா, போ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அது முந்தின நாள் அறிக்கை. யாரோ தாமதமாக அனுப்பியிருந்தார்கள். மேலே தேதி போட்டுத்தான் இருந்தது.

விடிவதற்கு முன் தம்பியும் இன்னும் மூன்று பேரும் போனார்கள். பத்து மணிக்குக் காற்று பிடித்தது. வகுப்பு ஜன்னல் படார் படாரென்று அடித்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. மத்தியானம் தம்பி பெண்சாதி போனில் அழுத பிறகுதான் அந்தத் தேதியைப் பார்த்தேன். பஸ் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தபோது காற்று நின்றுவிட்டிருந்தது.

அதன்பின் மூன்று நாளும் நல்ல வெயில். கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. பிள்ளைகள் கரையில் கிரிக்கெட் ஆடினார்கள். ஒருத்தி கருவாடு காயப்போட்டாள். இப்படிப்பட்ட வானத்தின் கீழே ஒரு வீடு நாசமாய்ப் போகிறது என்று என் மாணவி எழுதியிருந்தால், பொருந்தவில்லை என்று மார்க்கைக் குறைத்திருப்பேன். ஒரு தூறலாவது போடாதா என்று பல்லைக் கடித்தேன். அழுவதற்குக்கூட வெட்கமாக இருந்தது, அவ்வளவு வெளிச்சம்.

கரையில் நின்றவர்கள் தம்பியைத்தான் ஏசினார்கள். "மைக்குல அவ்ளோ சொன்னாங்களே, கேட்டானா? கொழுப்பு. மத்தவங்களையும் இல்ல இட்டுக்கினு போயிட்டான்." என் காதுபடவே சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வந்துவிட்டான் என்றால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று நினைத்தேன். இதை இன்று எழுதும்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

மூன்றாம் நாள், தெற்கே கிள்ளைக் கரையில் ஒதுங்கிய போட்டை இழுத்து வந்தார்கள். அதில் மூன்று பேர் இருந்தார்கள். தம்பி இல்லை. முதல் நாளே அவனை அலை அடித்துக்கொண்டு போய்விட்டதாம்.

அன்று சாயங்காலம் தம்பி பெண்சாதியின் எதிரே போய் உட்கார்ந்தேன். "அவன்மேல தப்பில்லம்மா. நான்தான் போன்னு சொன்னேன். பழைய அறிக்கையப் பாத்துட்டுச் சொல்லிட்டேன்."

அவள் நிமிரவில்லை.

"தெரியும் அண்ணி. நீங்க பேசினப்ப போன ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தாரு, நானும் கேட்டேன்."

மூன்று நாளாக அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அலாரம் அடிச்சும் தூங்கிக்கினுதான் இருந்தாரு. நீங்க சொல்லிட்டீங்களேன்னு நான்தான் எழுப்பி அனுப்பினேன்."