டாக்டர் கேட்ட அதே கேள்வி

நோர்வேயின் வடக்கே நான் இருக்கும் ஊரில், முதுகுவலி என்று போனாலும் எங்கள் டாக்டர் பெண்மணி பிரஷர் பார்த்துக்கொண்டே, வாழ்ந்தது போதும் என்று எப்போதாவது நினைத்ததுண்டா என்று கேட்பாள். முதல் தடவை எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எனக்குக் கலியாணமாகி இரண்டு பிள்ளைகள் என்று பதில் சொன்னேன். நான் அதைக் கேட்கவில்லையே என்றாள். மாதக்கணக்கில் இருட்டு, தனியிருப்பு, குடி, நோவை வாய்விட்டுச் சொல்லாத ஆண்கள். இந்தப் பக்கம் அப்படி, அதனால் எல்லாரிடமும் கேட்கிறேன், கேட்பதால் அந்த நினைப்பு வந்துவிடாது என்றாள். உங்கள் ஊரில் எப்படி என்றும் விசாரித்தாள். எங்களுக்குக் குடும்பம் இருக்கிறது, அந்தப் பேச்சே கிடையாது என்று பெருமையடித்தேன்.

பேச்சு கிடையாதுதான். கொழும்பில், வெள்ளவத்தையில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்த பள்ளிக்கூட மாஸ்டர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டபோது, ஹார்ட் அட்டாக் என்று எங்கள் ஒழுங்கைச் சந்து முழுவதும் ஒரே வாயாகச் சொன்னோம். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தபடி நானும் சொன்னேன். அவருடைய மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டியிருந்ததே. எந்த ஊரில் இப்படிச் சாவு கூடுதல், எந்த ஊரில் குறைவு என்று யாராவது கணக்கெடுக்க வந்திருந்தால், எங்கள் ஒழுங்கையில் ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்.

இப்போது அண்ணாவைப் பார்க்க அதே கட்டடத்துக்கு, எங்கள் பழைய வீட்டுக்கு வந்திருக்கிறேன். அண்ணி காலமாகி ஒரு வருடம். பிள்ளைகள் கனடாவில். சீனி வருத்தம், டயபிட்டீஸ், முற்றி இரண்டு கால்விரல்களை எடுத்தபின், கடற்கரைப் பக்கம் நடக்கப் போவதும் நின்றுவிட்டது. சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா என்று பிள்ளைகள் முறைவைத்து ஃபோனில் கேட்கிறார்கள். ஓம், ஓம் என்கிறார். நானும் இத்தனை வருடமாக அதைத்தான் கேட்டிருக்கிறேன். வந்த மூன்றாம் நாள், உயிராக வைத்திருந்த ரேடியோவை அவர் கீழே காவலுக்கு இருக்கும் வாச்சருக்குக் கொடுத்துவிட்டது தெரிந்தது. இனி எனக்கெதற்கு என்றார். அன்றிரவு சாப்பிட அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். டாக்டரின் கேள்வியைத் தமிழில் கேட்க நாக்கு எழவில்லை. இடியப்பத்தைப் பிசைந்தபடி, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

“அண்ணா, செத்துப்போனா நல்லம் எண்டு நினைக்கிறனீங்களோ?”

ஏசப்போகிறார் என்று பயந்தேன். சாப்பாட்டில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை.

“ஓம். கனநாளா. ஒருத்தரும் கேக்கேல்லை.”

அன்றே பிள்ளைகளுக்குச் சொன்னேன். அடுத்த நாள் இங்குள்ள ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். மருந்து தந்து, கிழமைக்கொரு தடவை வந்து கதைக்கச் சொல்லியிருக்கிறார். கொடுத்த ரேடியோவைத் திருப்பிக் கேட்க அண்ணாவுக்கு வெட்கம்; பின்னேரங்களில் வாச்சரோடு கீழே இருந்து செய்தி கேட்கிறார். இவ்வளவுதான் செய்ய முடிந்தது. இதுவே போதுமா என்று தெரியாமல்தான் நேற்று நோர்வே திரும்பப் பெட்டி அடுக்கினேன்.

பார்த்துக்கொண்டிருந்த அண்ணா கேட்டார்: “அந்த இருட்டுக்க உனக்கு அந்த நினைப்பு வாறேல்லையோ?”

அங்கே டாக்டரிடம் நான் அந்த முதல் தடவைக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அவர்கள் பாஷையில் ‘நை’, இல்லை என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அண்ணாவிடம் அது வாயில் வரவில்லை. பாதி அடுக்கிய பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஓம் என்றேன். அங்கே போய் அந்த டாக்டரிடமும் சொல் என்றார். அதற்கும் ஓம் என்றேன். ‘நை’ என்றே பழகிய நாக்கு அங்கே இறங்கியதும் என்ன சொல்லுமோ.