ஒரு நிமிடம் ஓடவிட வேண்டிய கார்

டேர்போ வைத்த சின்னக் கார் எதையும் நான் மதித்ததில்லை. மதிக்காததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உட்துறைமுக வீதித் தேநீர்க் கடையில் பின்னேரங்களில் கூடும் கார்ப் பைத்தியங்கள் ஐந்தாறு பேருக்கு நான்தான் தீர்ப்புச் சொல்பவன். சின்ன எஞ்சினுக்குள் காற்றைத் திணித்து ஓடவைப்பது எத்தனை நாளைக்கு என்பேன். ஒரு கம்பனி செய்த காரில் இன்னொரு கம்பனி தன் சின்னத்தை ஒட்டி விற்பதைக் கண்டால் வாய் இன்னும் நீளும். இரவல் கோட்டுப் போட்ட மாப்பிள்ளை என்று அந்தக் கார்களுக்குப் பெயரும் வைத்தேன்.

டேர்போக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓடி வந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தமாட்டார்கள். ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு உள்ளேயே இருப்பார்கள். டேர்போ ஆறவேண்டும், இல்லாவிட்டால் அதற்குள் ஒயில் கருகிப் படிந்துவிடும். யாராவது கடை வாசலில் அப்படி இருந்தால், "என்ன, ஆராத்தி எடுக்க ஆள் வரவேணுமோ?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைப்பேன்.

பிறகு வாகன இறக்குமதி நின்றது. எங்கள் பழைய கார் அந்த நேரம் பார்த்துப் படுத்துவிட்டது. என் மனைவி கிளிவெட்டியில் ஆசிரியை. விழுந்து முதுகில் அடிபட்டவள். பஸ் குலுக்கலில் ஒரு வாரம் போய்வந்தால் மறுவாரம் கட்டிலில் கிடப்பாள். கார் இல்லையென்றால் வேலையை விடவேண்டும். தேடி அலைந்ததில் எங்கள் கைக்கு எட்டிய ஒரே கார் உப்புவெளியில் நின்றது. டேர்போ. அதுவும் இரவல் சின்னம் ஒட்டியது!

வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கேற்றைப் பூட்டிவிட்டு, பின்கதவில் டேர்போ என்றிருந்த எழுத்துக்களைத் தூண்டில் நூலால் அறுத்து எடுத்தேன். முன்சின்னத்தையும் கழற்றிவிட்டு, உண்மையில் அந்தக் காரைச் செய்த கம்பனியின் சின்னத்தைத் தேடி வாங்கி ஒட்டினேன். நண்பர்கள் வந்து பார்த்து, "நல்ல தெரிவு" என்றார்கள். அவர்கள் பொனற்றைத் திறந்து எஞ்சினைப் பார்க்குமுன் தேநீருக்கு உள்ளே கூட்டிப்போனேன்.

மனைவி பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் என்னை ஏற்றக் கடைக்கு வருவாள். முதல் நாள் வந்து நின்றவள் எஞ்சினை நிறுத்தாமல் இருந்தாள். நண்பர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஓடிப்போய் யன்னலருகே குனிந்தேன்.

"நிப்பாட்டும்."

"ஒரு நிமிசம் விடவேணுமெண்டு வித்த ஆள் சொன்னவரெல்லோ?"

"அதெல்லாம் சும்மா கதை. நிப்பாட்டும்."

நிறுத்தினாள். வீட்டிலும் அதே நிலைதான். எதிர்வீட்டுக்காரர் எங்கள் கூட்டத்தில் ஒருவர். சும்மா கதையல்ல என்று அங்கிருந்த எல்லோரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே ஒவ்வொரு பின்னேரமும் நிறுத்தச் சொன்னேன். என் வாயால் கட்டிய கூட்டுக்குள் நானே அகப்பட்டிருந்தேன்.

ஒரு நாள் மனைவி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, கிண்ணியாப் பாலத்துக்கு அப்பால் கார் ஊளையிட்டு, நீலப்புகை கக்கி, இழுக்கமாட்டேன் என்று நின்றது. வெயிலில் நின்று முச்சக்கர வண்டி பிடித்து வீட்டுக்கு வந்தவளால் இரண்டு நாள் நிமிர முடியவில்லை. காரைக் கட்டி இழுக்க நண்பர்கள் வந்தார்கள். வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவளும் கராஜுக்கு வந்தாள். நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கராஜ்காரர் எல்லோர் முன்னாலும் பொனற்றைத் திறந்தார்.

"இது டேர்போ எல்லோ!" என்றார். நண்பர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் காரைப் பார்த்தேன். "பயப்பிட வேணாம். சின்னம் எதெண்டாலும் உள்ளுக்க ஒண்டுதான். மத்தக் கம்பனிட காரில கழட்டின டேர்போ ஒண்டு என்னட்டக் கிடக்கு, நேராப் பொருந்தும். ஆனா ஒயில் கருகிக் கிடக்கே, நிப்பாட்டக்குள்ள ஒரு நிமிசம் ஓட உடுற இல்லையா?"

"விடுறனாங்கள்" என்றேன்.

நானா கருகிய துண்டை என் முன்னால் நீட்டினார். மனைவி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அவர் விடச் சொல்லுறவர், நானா. நான்தான் அவசரத்தில டக்கெண்டு நிப்பாட்டிப் போடுறனான்."

அப்போது நான் வாய் திறந்திருக்கவேண்டும். கடையில் ஒருநாளும் மூடாத வாய், அன்று திறக்கவில்லை. நண்பர்கள் டேர்போவை மறைத்ததற்காகக்கூட என்னைக் கேலி செய்யவில்லை. பாவம், மனைவியால் மாட்டிக்கொண்டவன் என்று தோளில் தட்டினார்கள்.

திருத்திய காரை அவளே வீட்டுக்கு ஓட்டிவந்தாள். வாசலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கில் கைகளை வைத்தபடி இருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். எதிர்வீட்டுக்காரர் தன் கேற்றடியிலிருந்து சிரித்தார்.

"என்ன, டீச்சருக்கு இப்பத்தான் பழக்கினீங்களோ?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஓம்" என்றேன்.