கடப்பாரையின் ஒப்பந்தம்

அவனுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. மைதானத்தில் கடப்பாரை, தெருவில் கடப்பாரை, கோபம் வந்தால் மனைவிக்கும் கடப்பாரைதான். நட்ட இடத்தில் நிற்பான். பந்தை உருட்டிக்கொண்டு வருகிறவன் எத்தனை வளைந்து நெளிந்து ஆசை காட்டினாலும் முந்திக்கொண்டு பாயமாட்டான். வருகிறவன்தான் கடைசியில் பொறுமை இழந்து வந்து மோதிக்கொள்வான். அப்படி வந்த பேர்.

ஒரு துணி ஆலை நடத்திய கால்பந்து அணி அது. பெரிய அணி என்று சொல்ல முடியாது. வருஷா வருஷம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சம்பளம் கொடுப்பார்கள், வெளியூர் ஆட்டத்துக்கு ஆலைப் பேருந்தை அனுப்புவார்கள். இருபது வயது தாண்டியவுடன் சேர்ந்தவன், முப்பத்தேழு வயதிலும் பின்வரிசையில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். காலையில் எழுந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, துருப்பிடித்த கதவைத் திறக்கிற மாதிரி முழங்கால் இரண்டையும் மெல்ல நீட்டி மடக்கிய பிறகுதான் பாதத்தைத் தரையில் வைப்பான். தேய்ந்த மூட்டு காலையில் அப்படித்தான் இருக்கும். அரைமணி நேரம் நடந்தால் கொஞ்சம் இளகும், மாலையில் வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

ஆட்டம் இல்லாத மாதங்களில் அவனுக்கு வீட்டில் இருக்கத் தெரியாது. ஜன்னல் கம்பிகளுக்குப் பெயின்ட் அடிப்பான். அது காய்வதற்குள் வேறு நிறம் வாங்கி வருவான். உள்ளே கம்பி இருக்கிறதா, வெறும் பெயின்ட்தானா என்று மனைவி கேட்பாள். அவள் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்வரை வீட்டில் அடுப்பு எரியும் என்பது அவனுக்குத் தெரியும். பயம் அதைப் பற்றி இல்லை. பந்து போய்விட்டால் அப்புறம் தான் யார்? அந்தப் பயம்தான்.

அணியின் கோல் கீப்பர் அவனுக்குத் தங்கை வீட்டுக்காரன். அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்ததே கடப்பாரைதான். ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று இருப்பான், ஆகவே குச்சி. அவனுக்கும் வயது முப்பத்தேழு. ஒருவன் முன்னால் நிற்க, மற்றவன் பின்னாலிருந்து கத்த, இருவரும் சேர்ந்துதான் கிழடானார்கள்.

குச்சிக்கு வலது தோளில் ஒரு கோளாறு. கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பின்பக்கம் எறிகிற மாதிரி போனால் மூட்டு நழுவி இறங்கிவிடும். இறங்கினால், பந்துகள் அடுக்கி வைக்கும் அறைக்குள் இருவரும் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். குச்சியை மேஜைமேல் குப்புறப் படுக்க வைத்து, கையைக் கீழே தொங்கவிட்டு, மணிக்கட்டைப் பிடித்து அவசரமே படாமல் கீழே இழுத்துக்கொண்டிருப்பான் கடப்பாரை. சற்று நேரத்தில் 'டொக்' என்று உட்காரும். வைத்தியம் படிக்காதவர்கள் செய்யக்கூடாத வேலை. நரம்போ ரத்தக்குழாயோ மாட்டினால் கையே போய்விடும். இவர்கள் நாலைந்து தடவை செய்து, ஒன்றும் ஆகவில்லை என்பதால் தங்களைக் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். விஷயம் மூன்று பேருக்குத்தான் தெரியும்: குச்சிக்கு, அவன் மனைவிக்கு, கடப்பாரைக்கு. மனைவி மட்டும் அறுவை செய்துகொண்டு ஆட்டத்தை விடு என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் ஆலை நிர்வாகம் ஒரு முடிவெடுத்தது. முப்பத்தைந்து தாண்டியவர்களில் ஒருவருக்குத்தான் இடம். அணியில் தாண்டியவர்கள் இரண்டே பேர். மேனேஜர் இதைக் கடப்பாரையிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார். மனிதர் கெட்டவர் இல்லை. மைதானத்தில் பார்வையாளர் மேடைக்குக் கீழே, துவைத்த ஜெர்சிகளின் ஈர வாசனை அடிக்கிற சின்ன அறையில் உட்கார்ந்து, யார் வந்தாலும் நாற்காலியைத் தானே இழுத்துப் போடுவார். கடப்பாரை எடுத்த எடுப்பில் இரண்டு வருஷம் கேட்டான். அவர் சிரிக்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லித் தரலாமே என்றார். அவன் எழுந்து வந்துவிட்டான்.

இரண்டாவது சந்திப்பில் ஒரு வருஷம் போதும் என்றான். முழங்கால் எப்படி என்று அவர் கேட்டார். கல்லு மாதிரி என்றான். அவர் நம்பவில்லை என்று நினைத்து, கேட்காமலே எழுந்து அவர் முன்னால் உட்கார்ந்து எழுந்து காட்டினான். மூலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி உட்கார்ந்தான், எழுந்தான். அடுத்த முறை உட்கார்ந்தவனுக்கு மேஜையின் விளிம்பைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. மேஜையில் இருந்த பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது. மேனேஜர் பேனாக்களைப் பொறுக்கி வைத்தபடி, போதும், உட்காருங்க என்றார். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் காது இரண்டும் எரிந்தன.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அவர் சுற்றி வளைக்கவில்லை. கோல் கீப்பருக்கு வயது ஒரு பெரிய விஷயமில்லை, நாற்பதுவரை நிற்பார்கள், நிர்வாகமும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். மைதானத்தில் இந்த மாதிரி ஒரு நிமிஷத்தில் கடப்பாரை அசையமாட்டான். எதிரில் இருப்பவன் என்ன செய்கிறான் என்று அவன் காலையே பார்த்துக்கொண்டிருப்பான். இங்கே பார்க்கக் கால் இல்லை. ஈரத் துணியின் வாசனைதான் இருந்தது.

"அவன் தோளையும் ஒரு தடவ பாத்துக்குங்க" என்றான்.

மேனேஜர் எந்தத் தோள் என்று கேட்கவில்லை. பேனாவை மூடினார். டாக்டரிடம் சொல்கிறேன் என்றார். அவ்வளவுதான் நடந்தது.

வழக்கமாக ஆலை டாக்டர் ஆட்டக்காரர்களை இருமச் சொல்வார், குதிக்கச் சொல்வார், கையெழுத்துப் போட்டுவிடுவார். இந்த முறை குச்சியைப் படுக்க வைத்து, கையை எறிகிற வாக்கில் மடக்கி, முழங்கையை மெதுவாகப் பின்னால் தள்ளினார். தோள் நழுவுகிற ஆளுக்கு அப்போது வலியைவிடப் பயம் முதலில் முகத்தில் வரும். நடிக்க முடியாது. குச்சி டாக்டரின் கையைத் தட்டிவிட்டான். மறுநாளே கடப்பாரைக்கு ஒரு வருஷ ஒப்பந்தம் வந்தது. கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து, கிடைச்சவன் மூஞ்சி மாதிரி இல்லையே என்றாள் மனைவி. தூக்கம் வருகிறது என்று போய்ப் படுத்துக்கொண்டான், பட்டப்பகலில்.

டாக்டருக்கு யார் சொன்னது என்று யோசிக்கக் குச்சிக்கு நேரமே ஆகவில்லை. வருஷமெல்லாம் விடு விடு என்று சொன்னவள் வீட்டிலேயே இருந்தாள். அவளிடம் பேச்சை நிறுத்தினான். அவள் வைத்ததைச் சாப்பிடமாட்டான், அவள் துவைத்த சட்டையைப் போடமாட்டான். அதோடு நில்லாமல் கடப்பாரை வீட்டுக்கு வந்து, அவள் அண்ணனிடமே அவளைப் பற்றி முறையிட்டான். கடப்பாரை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குச்சி குடித்துவிட்டு, அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான்.

"உன் தங்கச்சி செஞ்சதுக்கு நீ என்ன செய்வே மச்சான்? நீயாவது உள்ள இருக்கியே, எனக்கு அது போதும்."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினான். கழுவின டம்ளரையே மறுபடி கழுவினான்.

தங்கை, நடக்க முடியாத முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் வேலை செய்தாள். குச்சியிடம் சொல்வதைவிட அவளிடம் சொல்வது சுலபம் என்று நினைத்து அங்கே போனான். அவள் ஒரு கிழவரைப் புரட்டிப் படுக்க வைக்கும் நேரம். கூட இருக்க வேண்டிய பெண் வரவில்லை.

"வா, அந்தப் பக்கம் நில்லு. இடுப்புல ஒரு கை, தோளுல ஒரு கை. இழுக்காத, உன் பக்கம் சாய்ச்சுப் பிடிச்சுக்கோ" என்றாள்.

அவன் பிடித்துக்கொண்டான். கிழவரின் முகம் அவன் வயிற்றில் சாய்ந்திருந்தது. தங்கை அவர் முதுகைத் துடைத்து, எங்காவது சிவந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தாள். முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்காது என்ற தைரியத்தில், அப்படியே நின்றபடி சொல்லிவிட்டான். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்ணே" என்றாள். "அவரத் தவிர தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. நான் சொல்லல. அப்புறம் மிச்சம் யாரு?"

"அப்ப ஏன் அவன்கிட்ட சொல்லல?"

"நான் சொன்னா நம்புவாரா? எங்கண்ணன் மேல பழியப் போடுறேம்பாரு. நீ வருவேன்னு இருந்தேன். நல்லா ஆடி அசைஞ்சுதான் வர்றே."

ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்றான் அவன். அவள் ஈரத்துணியை வாளியில் போட்டுவிட்டு முதல்முறையாக நிமிர்ந்தாள்.

"கிழிச்சா? அவருக்குத் தோளு ஒட்டிக்குமா? நீ ஒண்ணும் தியாகி வேஷம் போட வேண்டாம். போயி அவர் மூஞ்சியப் பாத்து, நான்தான்னு சொல்லு. அதுக்கப்புறம் ஒழுங்கா ஆடு. எடத்தையும் புடுங்கிட்டு, ஆடவும் மாட்டேன்னா எப்படி?"

விழித்தே இருந்திருக்கிறார் கிழவர். கை நன்றாகப் பிடிக்கிறதே, இவன் யார் புது ஆளா என்று கேட்டார். எங்கண்ணன், பந்து ஆடுறவரு என்றாள் தங்கை.

"இன்னுமா?" என்றார் கிழவர்.

அங்கிருந்து நேரே குச்சி வீட்டுக்குப் போனான். குச்சி சமையலறையில் நின்றுகொண்டு, தானே சமைக்கப்போய் அடிபிடித்த பாத்திரத்தை இடது கையால் சுரண்டிக்கொண்டிருந்தான். வீடு முழுக்கத் தீய்ந்த நாற்றம். கடப்பாரை உட்காரவில்லை.

"மாப்ள, மேனேஜர்கிட்ட சொன்னது அவ இல்ல. நான்."

குச்சி திரும்பக்கூட இல்லை. தங்கையைக் காப்பாற்றப் பழியைத் தூக்கிக்கொள்கிறாய், அண்ணன் என்றால் அப்படித்தான், போய் வேலையைப் பார் என்றான். கடப்பாரை இதை எதிர்பார்க்கவில்லை. அடி விழும், வசவு விழும் என்று தயாராக வந்தவன், தான் செய்ததற்குத் தானே சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. எந்தத் தடவை கூப்பிட்டபோது, மேனேஜர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார், அதற்குமுன் என்ன பேச்சு நடந்தது, எல்லாம் சொன்னான். உட்கார்ந்து எழுந்து காட்டியதைக்கூடச் சொன்னான். மனைவியிடமும் சொல்லாத சங்கதி அது.

சுரண்டுகிற சத்தம் நின்றது.

"என்ன வார்த்த சொன்னே? அப்படியே சொல்லு."

"அவன் தோளையும் ஒரு தடவ பாத்துக்குங்கன்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

குச்சி பாத்திரத்தைத் தொட்டியில் வைத்தான். குழாயை மூடினான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"எனக்கு விட்டுக்குடுன்னு கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்" என்றான். "ஆனா நீ கேட்டிருக்கலாம்."

பிறகு, அவளை என்னென்ன சொன்னேன் தெரியுமா என்று ஆரம்பித்தவன், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கடப்பாரை பத்தடி பின்னால் நடந்தான்.

தங்கை வேலையிலிருந்து வந்து இறங்கும் பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் நிழற்குடைக்குள்ளும் மற்றவன் வெளியே வெயிலிலும் நின்றார்கள். தங்கை இறங்கினாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஊரே கேட்கிற மாதிரிக் கத்துகிற குச்சி தன் செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பக்கத்து வீட்டுக்காரி போன் பண்ணா, வீட்டுலேந்து பொக வருதுன்னு" என்றாள் அவள். "எந்தப் பாத்திரம்?"

"பெரிசு."

"அதயா கருக்கினீங்க?"

அவள் நடந்தாள். குச்சி அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளவில்லை, ஓரடி பின்தங்கியே போனான், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. ஒருவனின் வெட்கம் குறைவதற்குப் பதில் இப்போது இரண்டு பேருக்கு ஆகிவிட்டது என்று கடப்பாரைக்குத் தோன்றியது. தன்னுடையதில் கடுகளவும் குறையவில்லை.

அந்த சீசன் முழுக்க ஆடினான். முழங்காலில் நீர் கோத்த ஒரு ஆட்டத்தைத் தவிர எதையும் விடவில்லை. நன்றாகவே ஆடினான். கைதட்டுகிறவர்கள் தட்டினார்கள். தட்டும்போதெல்லாம் குனிந்து காலுறையைச் சரிசெய்துகொள்வான்.

குச்சி மழைக்காலத்தில் தோளுக்கு அறுவை செய்துகொண்டான். ஆறு வாரம் கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்க வேண்டியிருந்தது. கடப்பாரை பார்க்கப் போனான். போகத்தான் வேண்டும் என்று தங்கை சொல்லியிருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள் என்றும் சொல்லியிருந்தாள். குச்சி திட்டவில்லை. கட்டிலில் நகர்ந்து உட்கார்ந்து, நாற்காலியைக் காட்டினான்.

"வாங்க. உக்காருங்க" என்றான்.

இத்தனை வருஷமாக அவனிடம் வாடா, போடா, மச்சான் கேட்டுப் பழகிய கடப்பாரை, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். கை எப்படி இருக்கிறது என்று கேட்டான். பரவாயில்லை என்று குச்சி சொன்னான். உங்களுக்கு முழங்கால் எப்படி என்று குச்சி கேட்டான்.

"பரவால்ல" என்றான்.