றோஸ்மலரின் இடத்தில் நின்றவள்

பதினெட்டு வருடம் ஒரே சலவைத் தொழிற்சாலையில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடித்த ஒருத்தியைப் பார்த்து, "நீ வேலை செய்தது பதினொரு வருடம்தான்" என்று எப்படிச் சொல்ல முடியும்? மிச்ச ஏழு வருடமும் எங்கே போயின? இதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

றோஸ்மலரும் நானும் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருக்கிறோம். விடுப்புக் கேட்பது, அதாவது அடுத்தவர் கதையைத் துருவுவது, என் பிறவிக் குணம். அதற்காக நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. போன வருடம் தொழிற்சாலையை மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை செய்த வருடங்களை எண்ணித்தான் இங்கே இழப்பீடு கொடுப்பார்கள். காசு குறைந்ததைவிட, கம்பனி ஏழு வருடத்தை இல்லையென்றதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

"குனிஞ்சு குனிஞ்சு என்ரை நாரி முறிஞ்சதே அந்த ஏழு வருசத்திலைதான், பாமாக்கா."

"இடையிலை எப்பவாவது வேலையை விட்டு நிண்டனியோ?"

"சேர்ந்து ஏழாம் வருசம், என்னைப் பெத்த ஐயா செத்தாப்போலை ஊருக்குப் போனனான். ஆறு கிழமை. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிச்சிட்டு வந்தனான்."

"லீவு போட்டுத்தானே?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஆறு கிழமை லீவு ஆர் தருவினம்? விலகுறன் எண்டு கையெழுத்து வைச்சிட்டு, தெரிஞ்ச பிள்ளை கிளறிற்றாவை என்ரை இடத்திலை விட்டுட்டுப் போனனான். எல்லாரும் அப்பிடித்தானே செய்தவை?"

கிண்டக் கிண்டத்தான் விளங்கியது. அந்தத் தொழிற்சாலையில் நம் பெண்களுக்குள் அது ஒரு எழுதாத சட்டம். ஊரில் சாவு என்றால் ஒருத்தி விலகிப் போவாள், தெரிந்த இன்னொருத்தியை உள்ளே விடுவாள். போனவள் திரும்பியதும் நின்றவள் பேசாமல் வெளியே போய்விடுவாள். நின்றவள் கைக்கு ஊரிலிருந்து வந்த ஒரு பனங்கட்டிக் குட்டான், ஓலைப்பெட்டியில் பனைவெல்லம். மனேச்சருக்கும் ஒன்று. தன் வேலைக்குத் தானே முடிவு எழுதிக் கொடுத்துவிட்டு, அதை லீவு என்று நம்பும் துணிச்சல் நம் சனத்தைத் தவிர யாருக்கு வரும்!

இலவச சட்ட உதவி நிலையத்தில் சுப்ரியா என்ற இளம் வக்கீல் இருந்தாள். மதுரைப் பிள்ளை.

"ரிசைன் பண்ணா சர்வீஸ் அறுந்துடும், ஆன்ட்டி. ஆனா, ஏற்பாட்டாலயோ வழக்கத்தாலயோ நீங்க வேலையிலதான் இருக்கீங்கன்னு கம்பெனியும் நினைச்சிருந்தா அறாது. அதைச் சொல்ல ஒரு சாட்சி வேணும்."

சாட்சியைத் தேடி ஈஸ்ட் ஹாமுக்குப் போனோம். கிளறிற்றா தேநீர் தந்தாள், முறுக்குத் தந்தாள், சம்மதம் மட்டும் தரவில்லை. "பழசை ஏன் கிளறவேணும்?" என்றாள். அவள் எதை மறைக்கிறாள் என்று எனக்கு மண்டை குடைந்தது. கடைசியில் இறங்கி வந்தாள். "கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லுவன்."

குறொய்டன் தொழில் நீதிமன்றத்தில் விசாரணை. மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்க, கிளறிற்றா சொன்னாள்: "முதல் நாளே மனேச்சர் சொன்னவர், றோஸ் வருமட்டும்தான் நீ எண்டு."

கம்பனி வக்கீல் அதை நம்பவில்லை. வேலை தேவைப்பட்ட ஒருத்தி யாரும் போகச் சொல்லாமல் எப்படிப் போவாள்? உங்களை அங்கேயே நிற்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லையா என்று குடைந்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார் மனிதர்.

கிளறிற்றா றோஸ்மலரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள்.

"மனேச்சர் கேட்டவர். கடைசிக் கிழமை. நீ அவளைவிடக் கெதியாய் மடிக்கிறாய், நீயே நில்லு, றோஸ் வந்தால் வேறை இடம் பாக்கட்டும் எண்டவர். நான் ஏலாது எண்டிட்டன்."

நீதிபதி முன்னால் சாய்ந்தார். "அப்போது உங்களுக்கு வேறு வேலை இருந்ததா?"

"இல்லை. என்ரை மனுசனுக்கும் வேலையில்லை. பிள்ளைக்கு ரெண்டு வயசு."

"பிறகு ஏன் போனீர்கள்?"

"அது அவளின்ரை இடம். நான் சும்மா நிண்டனான்."

மொழிபெயர்ப்பாளர் சொன்னதை நீதிபதி அப்படியே எழுதிக்கொண்டார். பின்னேரம் தீர்ப்பு வந்தது. றோஸ்மலர் திரும்பி வருவாள் என்பது மனேச்சருக்குத் தெரிந்தே இருந்தது, அதனால் சேவை அறவில்லை, பதினெட்டு வருடமும் அவளுடையது. நான் சுப்ரியாவைக் கட்டிப்பிடித்தே விட்டேன்.

றோஸ்மலர் சிரிக்கவில்லை. ட்ராம் நிறுத்தத்தில் அவள் கிளறிற்றாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு பனங்கட்டிக் குட்டானோடை நான் முடிச்சிட்டனே. ஏனடி எனக்கு அப்பவே சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் நீ அந்த வேலையை எனக்கு விட்டுத் தந்திருப்பாய், விசரி."