துவைக்கும் கட்டை

அடையாறில் நான் குடியிருக்கும் ஏரிக்கரைத் தெரு ஒரு மரவாடியால் உண்டானது. லாரியில் வந்த தேக்கு மரங்களைக் கரையோரத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு அறுத்து, தியாகராய நகர் வீடுகளுக்குக் கதவும் ஜன்னலுமாக அனுப்பினார்களாம். ஊறிய மரம் வெடிக்காது, பூச்சி அரிக்காது. பிறகு ஏரி சுருங்கியது, முதலாளி மரவாடியை மூடினார், மரம் அறுத்தவர்கள் அங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள். வாடகை குறைவு என்று, ஓய்வு பெற்றபின் மயிலாப்பூரிலிருந்து வந்து சேர்ந்தவன் நான்.

தெருவில் யாருக்கும் பட்டா இல்லை. இருப்பதெல்லாம் மின்கட்டண ரசீதும் நம்பிக்கையும். நான் வருவாய்த் துறையில் இருந்தவன் என்று தெரிந்ததும் மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. விதி, உட்பிரிவு, இணைப்பு என்று குறையில்லாமல் எழுதினேன். பதில் வரவில்லை. ஒருநாள் அளவெடுக்க ஆட்கள் வந்தார்கள்.

வருவதற்கு முன்பே எல்லோரையும் எச்சரித்திருந்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், ஏரிப் பேச்சே வேண்டாம். வீடு இருப்பது நீர்நிலை என்று எழுதிவிட்டால் பட்டாவும் கிடையாது, வீடும் கிடையாது. எதிர்வீட்டு அம்மாள்தான் எல்லோரையும்விட வேகமாகத் தலையாட்டினார். அவருடைய மாமனார் மரவாடியில் ரம்பம் இழுத்தவர்.

அளக்க வந்த இளம் அதிகாரி அந்த அம்மாள் வீட்டு வாசலில் நின்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"எவ்ளோ வருஷமா இருக்கீங்கம்மா?"

"இன்னா நைனா அப்டி கேட்டுட்ட? எங்க மாமனார் காலத்துலேர்ந்து இங்கதான் கீறோம். உள்ள வா, அத்தாட்சி காட்டறேன்."

நானும் பின்னாலேயே போனேன். கொல்லையில், பாதி மண்ணில் புதைந்து கிடந்த தேக்குக் கட்டையைக் காட்டினார். அதன்மேல்தான் அந்த வீட்டில் துணி துவைப்பார்கள். முனையில் மரவாடியின் முத்திரை இன்னும் அழியாமல் இருந்தது.

"அவரு ஊறப்போட்ட கட்டை. தூக்க முடியாம அப்டியே வுட்டுட்டாங்க."

நான் இருமினேன்.

"ஊறப்போட்டதுன்னா, இதே இடத்துலயா?" என்று கேட்டார் அதிகாரி.

"பின்ன? இடுப்பளவு தண்ணி நிக்குமாம்!"

மறுபடி இருமினேன், இந்தமுறை பலமாக.

"இன்னா சார், இப்டி இருமறீங்க? கஷாயம் வெச்சித் தரவா?"

அதிகாரி எழுதிக்கொண்டார். அவர் எழுதிய வாக்கியம் பார்க்காமலே எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வாக்கியங்களை நானே எழுதியிருக்கிறேன். உதவியாளர் கட்டையின் மேல் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டார். குறுக்கே விழுந்து தடுக்க எனக்கு எந்த விதியும் இல்லை.

அவர்கள் போனபின் அந்த அம்மாள் கஷாயத்தோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நீங்க அவ்ளோ மனு போட்டீங்க, ஒருத்தன் எட்டிப் பாக்கல. கட்டையக் காட்டினேன், ஒடனே எழுதிக்கினு போறான் பாருங்க. அடுத்தது இன்னா சார் வரும், பட்டாவா?"

அடுத்து என்ன வரும், அதற்கு என்ன ஆட்சேபம் எழுதலாம், அதை எந்த வரியில் தள்ளுபடி செய்வார்கள், பிறகு எந்த வண்டி வந்து நிற்கும், எல்லாம் வரிசையாகத் தெரியும்.

"தபால் வரும்" என்றேன்.

"வரட்டும் சார். வந்தா மொதல்ல உங்ககிட்டதான் எடுத்தாருவேன்."

கஷாயத்தைக் குடித்து முடிக்கும்வரை அவர் அங்கேயே நின்றிருந்தார்.